அசைந்தவர் ஒருவர்

பழைய படத்தில் கோபுரத்தின் இடது விளிம்பு
மலைமுதுகின் வெட்டில் கச்சிதமாகப் பொருந்துகிறது.
அந்தப் பொருத்தம் எங்கே கிடைக்கிறதோ
அங்கேதான் நூற்றுப்பத்து வருடம் முன்பு
நில அளவைக்காரன் முக்காலியை ஊன்றியிருக்க வேண்டும்.
மூன்று நாளாகத் தேடுகிறேன்.
பத்தடி வலப்பக்கம் போனால் கோபுரம் மலையைத் தின்கிறது.
இடப்பக்கம் போனால் நாய்கள் என்னை.

நான்காம் நாள் தெரிந்தது,
அந்த இடத்தின்மேல் இப்போது ஒரு வீடு.
துல்லியமாகச் சொன்னால் சியூரியின் சமையலறை.
இன்னும் துல்லியமாக, அவளுடைய இரும்படுப்பு.

"நகர்த்த முடியாது. வேண்டுமானால் மேலே ஏறிக்கொள்"
என்றாள், பாலாடைக்கட்டி ரொட்டியை இறக்கிவிட்டு.
ஏறினேன். காலணியின் ரப்பர் இளகத் தொடங்கியது.
சன்னலை ஓங்கித் தட்டித் திறந்தாள்.
பனியாறு இருந்த இடம் தெரிந்தது.

இருந்த இடம் என்றுதான் சொல்ல முடியும்.
படத்தில் அது ஊரின் தலைமாட்டில்
ஈன்ற பசுபோலப் பரந்து படுத்திருக்கிறது.
இன்று வெறும் சல்லி, சாம்பல் நிறத்தில் ஓர் ஓடை,
வெகு உயரத்தில்
மீசையில் ஒட்டிய தயிர்போலக் கொஞ்சம் வெள்ளை.
இதற்காகத்தான் என்னைக் குத்தாயிசியிலிருந்து
ஸ்வானெத்திக்கு அனுப்பினார்கள்.
அதே இடம், அதே மாதம், அதே மணி.
வித்தியாசத்தை அளக்க அலுவலகத்தில் ஆள் இருக்கிறது.

சியூரி பனியாற்றைப் பார்க்கவேயில்லை.
"அது போனது எங்களுக்குத் தெரியாதா?
போகும்போது பாலத்தையும் கூட்டிக்கொண்டுதானே போனது."
படத்தின் கீழ்மூலையில் மாவு விரலை வைத்தாள்.
கதிரடிக்கும் களத்தோரம் ஓர் உருவம்.
தொப்பி உண்டு, முகம் இல்லை.
கண்ணாடித் தகடு வெளிச்சம் குடித்துக்கொண்டிருந்தபோது
யாரோ திரும்பியிருக்கிறார்.
"இது எங்கள் ஓத்தியா."

பொழுது சாய்வதற்குள்
கீழ்த்தெரு நகானி வீட்டார் மூன்று பேர் வந்துவிட்டார்கள்.
நிலைப்படிக்கு வெளியே நின்றார்கள்.
ஜோக்கியா, வேன் ஓட்டுகிறவன்,
மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தான்.
"தோள் சாய்ந்திருக்கிறதே, கவனி. இது எங்கள் பிமுர்சா."

பிறகு யாரும் பேசவில்லை.
ரொட்டி ஆறும் சத்தம்கூடக் கேட்டது.
மிச்சத்தை மறுநாள் வேனில் தெரிந்துகொண்டேன்:
ஓத்தியாவைச் சுட்டது பிமுர்சா.
அந்தக் களத்தில், ஓர் இலையுதிர் காலத்தில்.
எருதுகள் கைமாறின, சிலுவைமுன் சத்தியம் ஆயிற்று,
நான்கு தலைமுறையும் கழிந்தது.
வாசல் மட்டும் வாசலாகவே இருந்தது.

பெரிதாக்கு என்றார்கள்.
மடிக்கணினியை வெளியே கொண்டுபோக
மின்கம்பியின் நீளம் போதவில்லை.
உள்ளேயே மேசைமேல் வைத்துப் பெரிதாக்கினேன்.
தொப்பி சாம்பலாயிற்று. தோள் புள்ளிகளாயிற்று.
இன்னும் என்றாள் சியூரி.
இன்னும் என்றான் ஜோக்கியா.
திரையில் இப்போது உமி கொட்டினாற்போல் கருப்பு வெள்ளை.
கொன்றவனோ செத்தவனோ
அதற்குள் எங்கோ.
உற்றுப் பார்க்கக் குனிந்தான் ஜோக்கியா,
குனிந்தவன் ஒரு காலை உள்ளே வைத்திருந்தான்.
அதை யாரும் சொல்லவில்லை.
சியூரி மட்டும் நாயை அதட்டினாள்.
நாய் குரைக்கவே இல்லை.

மறுநாள் காலை பத்து இருபதுக்கு மறுபடி அடுப்பின்மேல்.
மேகம் மூடியிருந்தது, ஷட்டரை ஒரு நொடிக்குத் திறந்தேன்.
அந்த ஒரு நொடியில்
மாட்டைத் துரத்திக்கொண்டு களத்தோரம் ஒரு பையன் ஓடினான்.
எந்த வீட்டுப் பையன் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.
ஆளில்லாத படம் வேண்டுமென்றுதான் உத்தரவு.
இன்னொன்று எடுக்க நேரமும் இருந்தது.
எடுக்கவில்லை.

உயரம், திசை, லென்ஸ் எல்லாம் நிரப்பி
படிவத்தின் கடைசிக் கட்டத்தில்
இரண்டு படத்துக்கும் ஒரே வரி எழுதினேன்:
ஊரார் ஒருவர், அசைந்துவிட்டார்.

மலை இறங்கும் வழியெல்லாம் வேனுக்குள்
கருகிய ரப்பர் வாசனை.
ஜோக்கியா சன்னலை இறக்கிவிட்டான்,
ஒன்றும் கேட்கவில்லை.